அறிக்கையில் கண்ட எண்

எங்கள் தமையனாருக்கு வந்திருப்பது நாட்பட்ட இரத்தப் புற்றுநோய், அதிலும் நிணநீர் அணுக்களைப் பற்றும் வகை என்று மருத்துவர் உரைத்தபோது, எங்களுள் எழுந்த வினா ஒன்றே: இன்னும் எத்தனை காலம்?

1975இல் ராய் என்னும் மருத்துவரும் அவர்தம் குழுவினரும் வகுத்த முறை, நெறிக்கட்டி, மண்ணீரல் வீக்கம், இரத்தச் சோகை, தட்டணுக் குறைவு ஆகியவற்றைக் கொண்டு நோயின் படியை அளக்கிறது. கைத்தொடுகையும் எளிய இரத்தப் பரிசோதனையும் அதற்குப் போதும். இன்றும் அது பயன்படுகிறது. ஆயினும் ஒரே படியில் நிற்கும் இருவரில் ஒருவர் நெடுங்காலம் வாழ, மற்றவர் விரைவில் தளர்வதேன் என்பதை அது கூறவில்லை. விடை மரபணுக்களில் இருந்தது. 2000இல் ஜெர்மானிய அறிஞர்கள் 325 நோயாளரை ஆராய்ந்து வெளியிட்ட கணக்கின்படி, 13ஆம் குரோமோசோமில் மட்டும் ஒரு துண்டை இழந்தோரில் பாதிப்பேர் 133 மாதங்களைக் கடந்தனர். 17ஆம் குரோமோசோமில் இழந்தோருக்கோ அது 32 மாதங்களே.

தமையனாரின் அறிக்கையில் இருந்தது 17. அண்ணியாரிடம் இதை எவ்வாறு சொல்வோம்?

மருத்துவர் பொறுமையாக விளக்கினார். அக்கணக்கு பழைய மருந்துகளின் காலத்தது. 17இல் அழிந்துபோகும் டிபி53 என்னும் மரபணு, கெட்டுப்போன அணுவை மாளச் செய்யும் காவலன். பழைய மருந்துகள் பெரும்பாலும் அக்காவலனின் துணையை நம்பியே வேலை செய்தன. 2014இல் இந்நோய்க்கென அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற இப்ருட்டினிப் போன்ற மாத்திரைகளோ வேறு வழியில் தாக்குகின்றன. எனவே அந்த 17, எம்மருந்தைத் தவிர்ப்பது என்பதற்கும் வழிகாட்டியாம்.

அதன் பின்னரே அண்ணியாரிடம் உரைத்தோம். அவர் மாதங்களைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மாத்திரையின் விலையை வினவினார்.