உங்கள் ரிங்கிட், நம் ரிங்கிட்

ரிங்கிட்டின் மதிப்பு சரியும் நாள்களில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் நகைச்சுவைக்குப் பஞ்சம் வருவதில்லை. 2024 பிப்ரவரியில் ஓர் அமெரிக்க டாலர் 4 ரிங்கிட் 80 காசை எட்டியது. 1998 ஜனவரிக்குப் பிறகு நம் நாணயம் அவ்வளவு தாழ்ந்ததில்லை. அந்த வாரம் என் கைப்பேசிக்கு வந்த செய்திகளில் பாதி இதைப் பற்றிய கேலிகள்தாம். அவற்றுள் பெரும்பாலானவை தமிழ்நாட்டிலிருந்து இங்கு வந்து பணிபுரியும் நண்பர்கள் அனுப்பியவை. ‘இந்த ஊரில் சம்பள உயர்வு ஆண்டுக்கு ஒருமுறை, சம்பளக் குறைப்பு நாள்தோறும் காலை ஒன்பது மணிக்கு’ என்றது ஒன்று. படித்துவிட்டு நானும் சிரித்தேன். நன்றாகச் செய்யப்பட்ட நகைச்சுவை. குறை சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்து வந்தது, ‘உங்க ரிங்கிட்டை ஐசியூவில் சேர்த்துவிட்டார்களாமே, பார்க்க வரலாமா?’ என்று கேட்டது. இதற்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் வரவில்லை என்று வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் எண்ணிக்கொண்டே வந்தேன். தமிழாசிரியனுக்கு இத்தகைய ஐயம் வந்தால் இறுதியில் இலக்கணத்தில்தான் போய் நிற்பான். முதல் கேலியில் பேசுபவன் தன் சம்பளத்தைப் பற்றிப் பேசுகிறான். இரண்டாவதில் ‘உங்க’ என்ற சொல் இருக்கிறது.

தமிழில் ‘நாம்’ வேறு, ‘நாங்கள்’ வேறு. கேட்பவரையும் உள்ளடக்கிக்கொள்வது நாம். உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்று அதனை வகுப்பில் கற்பிக்கிறோம். கேட்பவரை வெளியே நிறுத்திவிட்டுப் பேசுவது நாங்கள். மலாய் மொழியிலும் இதே வேறுபாடு உண்டு. ‘கித்தா’ என்றால் நாம், ‘காமி’ என்றால் நாங்கள். இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கிவிடும் ஆங்கிலத்தைப் போலன்றி, நம் பிள்ளைகளுக்கு இரு மொழிகளில் இந்த நுட்பம் கிடைத்திருக்கிறது. பிழைக்க வந்த நாட்டின் பொருளாதார நெருக்கடியைப் பற்றி ஒருவர் எந்தச் சொல்லைக் கொண்டு சிரிக்கிறார் என்று கவனித்தால், அவர் எங்கே நின்றுகொண்டு பேசுகிறார் என்பது தெரிந்துவிடும்.

இந்தச் சிரிப்பு புதிதன்று. நாம் எல்லாரும் ஒரு காலத்தில் பிழைக்க வந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தாமே. 1930இல் உலகப் பொருளாதார மந்தம் மலாயாவைத் தாக்கியபோது ரப்பர் விலை அடிமட்டத்துக்கு இறங்கியது. தோட்டத்தில் ஆண்களின் நாட்கூலி 50 காசிலிருந்து 40 காசாகவும், பெண்களின் கூலி 40 காசிலிருந்து 32 காசாகவும் வெட்டப்பட்டன. பின்னர் அதுவும் இல்லை என்றாகி, இலட்சத்துக்கும் மேற்பட்ட தமிழர்கள் கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் திருப்பியனுப்பப்பட்டனர். என் பாட்டியின் தந்தையார் அப்போது ரப்பர் மரம் சீவிக்கொண்டிருந்தவர். ‘துரை வீட்டு ரப்பரை இழுத்தால் நீளுகிறது, நமக்குக் கொடுக்கும் கூலி மட்டும் இழுக்க இழுக்கச் சுருங்குகிறதே’ என்று அவர் சொல்வாராம். அவருடைய தம்பி கப்பலேறினார். இவர் தங்கிவிட்டார். தங்கியதற்குப் பெரிய காரணம் ஏதுமில்லை. பாட்டியின் தாயார் அப்போது நிறைமாதம் என்று கேள்வி. குடும்ப வரலாறுகள் இப்படித்தான் தீர்மானமாகின்றன.

என் கண்முன் நிகழ்ந்தது 1997-98 நெருக்கடி. 1997 ஜூலை 2ஆம் நாள் தாய்லாந்து தன் பாட் நாணயத்தைச் சந்தையின் போக்கில் விட்டது. இரண்டு வாரங்களுக்குள் ரிங்கிட்டும் ஆட்டங்காணத் தொடங்கியது. அதுவரை ஒரு டாலருக்கு இரண்டரை ரிங்கிட் என்றிருந்த நிலை, ஆறே மாதங்களில் 4 ரிங்கிட் 88 காசு வரை போனது. நான் அப்போது ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி மாணவன். விடுமுறை நாள்களில் பிரிக்பீல்ட்ஸில் மாமா நடத்திவந்த உணவுக்கடையில் கல்லாவில் உட்காருவேன். அங்கே சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்த தோசை மாஸ்டர் ஒருவர் இருந்தார். ஊரில் மூன்று தங்கைகள். மாதந்தோறும் முதல் வாரத்தில் காசு மாற்றும் கடைக்குப் போய்ப் பணம் அனுப்பிவிட்டு வருவார்.

1997 நடுப்பகுதியில் ஒரு வெள்ளிக்குப் பதினான்கு ரூபாய் கிடைத்தது. அடுத்த ஜனவரியில் ஒன்பது ரூபாய்கூட நிச்சயமில்லை. அன்று கடையிலிருந்து திரும்பிய மாஸ்டர் அடுப்படியில் நின்றபடி, “தம்பி, நான் ஊற்றுகிற மாவு அதே அளவுதான். இங்கே ஊத்தப்பமாக எடுத்து அனுப்புகிறேன். கடல் தாண்டி ஊரில் போய் இறங்கும்போது ஆப்பமாகச் சுருங்கிவிடுகிறது” என்றார். கடையே சிரித்தது. பருப்பும் உளுந்தும் வெளிநாட்டிலிருந்து வருபவை. அவற்றின் விலை ஏற ஏற மாமா சாம்பாரில் பருப்பைக் குறைத்தார். அதற்கும் மாஸ்டரிடம் ஒரு சொல் இருந்தது: “ரிங்கிட்டும் சாம்பாரும் ஒரே நாளில் தண்ணீராகிவிட்டன.” இதனை அவர் வாடிக்கையாளர் முன்னிலையில் சொல்லிவிட்டார். மாமாவின் முகம் மாறிவிட்டது.

அன்றிரவு கடையடைத்த பின்னர் மாமா என்னிடம், “அவன் சிரிக்கலாம். மூட்டையைக் கட்டினால் அவனுக்கு ஊர் இருக்கிறது. நான் எங்கே போவது?” என்றார். மாமாவின் வருத்தம் எனக்குப் புரிந்தது. ஆனாலும் அது முழு உண்மையன்று என்றே இன்றும் கருதுகிறேன். மூட்டையைக் கட்டுவது மாஸ்டருக்கு அவ்வளவு எளிதாக இருக்கவில்லை. இங்கு வருவதற்கு முகவருக்குக் கொடுத்த பணம் கடனாக நின்றது. அந்த ஆண்டு எத்தனையோ வெளிநாட்டுத் தொழிலாளர்களின் வேலை அனுமதி புதுப்பிக்கப்படாமல் போனது. தம்முடையது என்னவாகும் என்று தெரியாமலேயே அவர் நாள்தோறும் மாவரைத்துக்கொண்டிருந்தார். வெறுங்கையோடு ஊர் திரும்புவது அவருக்கு மலேசியாவில் பட்டினி கிடப்பதைவிடக் கொடியது. சாம்பாரைப் பற்றிச் சிரித்தவர்தான், மாமா சம்பளம் கொடுக்க முடியாமல் தவித்த இரண்டு மாதங்களும் பாதிச் சம்பளத்துக்கு வேலை செய்தார். “நம்ம கடைதானே, முதலாளி” என்றார். நம் நாடு என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. நம் கடை என்பது மட்டும் அவர் வாயிலிருந்து இயல்பாக வந்தது.

1998 செப்டம்பர் 2ஆம் நாள் ஒரு டாலருக்கு 3 ரிங்கிட் 80 காசு என்று அரசாங்கம் கட்டிப்போட்டது. அந்தக் கட்டு 2005 ஜூலை வரை அவிழவில்லை. மாஸ்டர் அதையும் விடவில்லை. “மாட்டைக் கட்டிவிட்டார்கள், இனிப் பாலைப் பார்ப்போம்” என்றார்.

2015இல் வேறொரு வகைச் சிரிப்பைக் கேட்டேன். எண்ணெய் விலை சரிந்து, ரிங்கிட் மீண்டும் ஒரு டாலருக்கு நான்கைத் தாண்டியிருந்த காலம். ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு வழிகாட்ட இங்கிலாந்திலிருந்து வந்திருந்த ஒருவரைப் பயிற்சிப் பட்டறை ஒன்றில் சந்தித்தேன். அவருக்குச் சம்பளம் ரிங்கிட்டில். வீட்டுக் கடனோ இங்கிலாந்தில், பவுண்டில். “நான் ஆசிரியனாக வந்தேன், வரவரத் தொண்டூழியனாக மாறிக்கொண்டிருக்கிறேன்” என்றார் தேநீர் இடைவேளையில். நாங்கள் எல்லாரும் சிரித்தோம். எங்களுள் ஒருவர்கூட அதனைத் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் எங்கள் நாட்டைப் பார்த்துச் சிரிக்கவில்லை, தம் நிலையைப் பார்த்துச் சிரித்தார்.

இங்கே ஒரு கணக்கைச் சொல்லியாக வேண்டும். 1997 நடுப்பகுதியில் ஒரு டாலருக்கு 36 ரூபாய். 2024 தொடக்கத்தில் 83 ரூபாய். இரண்டு மடங்குக்கும் மேல். அதே காலத்தில் ரிங்கிட் இரண்டரையிலிருந்து 4.80க்குப் போனது, இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைவு. அப்படியானால் இந்த இருபத்தேழு ஆண்டுகளில் அதிகமாக இளைத்தது எது? ‘உங்க ரிங்கிட்’ என்று செய்தியனுப்பும் நண்பர்களுக்கு இந்தக் கணக்கை அனுப்பலாம் என்று எண்ணியதுண்டு. அனுப்பவில்லை. இது போட்டியன்று. தவிரவும், தன் வீட்டுக் கூரை ஒழுகுவதைவிட அண்டை வீட்டுக் கூரை ஒழுகுவது எவருக்கும் விரைவில் கண்ணில் படும்.

பெற்றோர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது இனி நான் சொல்லப்போவது. அந்த 2024 பிப்ரவரிக்குச் சில வாரங்கள் கழித்து, ஐந்தாம் ஆண்டு வகுப்பில் பணம் தொடர்பான கணிதப் பாடம் நடந்துகொண்டிருந்தது. ஒரு மாணவன் எழுந்து, “ஐயா, ரிங்கிட் எல்லாம் டிஷ்யூ தாள்தான் என்று அப்பா சொன்னார்” என்றான். வகுப்பு கொல்லென்று சிரித்தது. நம்முடைய ஒரு வெள்ளித் தாளும் ஐந்து வெள்ளித் தாளும் பாலிமரால் ஆனவை, தண்ணீரில் போட்டாலும் ஒன்றும் ஆகாது என்று சொல்லி அதனை நகைப்போடு கடந்துவிடலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் பின் வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: “அப்படியென்றால் எங்கள் அம்மா வாங்கும் சம்பளமும் டிஷ்யூ தாளா, ஐயா?”

அவள் தாயார் தொழிற்சாலை ஒன்றில் துப்புரவுப் பணி செய்பவர். அப்போது குறைந்தபட்சச் சம்பளம் 1,500 ரிங்கிட். அவள் கேலியாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். சிரிப்பு அடங்கிவிட்டது.

அன்றைய பாடத்திட்டத்தை ஒதுக்கிவைத்தேன். 1,500 ரிங்கிட்டை 26 வேலை நாள்களால் வகுக்கச் சொன்னேன். 57 வெள்ளி 69 காசு. அதனை எட்டு மணி நேரத்தால் வகுத்தால் 7 வெள்ளி 21 காசு. ஒரு மணி நேரம் குனிந்து நிமிர்ந்து தரையைத் துடைத்தால் 7 வெள்ளி 21 காசு. அந்தக் காசுக்கு நம் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் என்னவெல்லாம் வாங்கலாம் என்று பட்டியலிடச் சொன்னேன். நாசி லெமாக், மைலோ, இரண்டு கறிபாப் என்று பட்டியல் நீண்டது, மீதமும் இருந்தது. அந்த மாணவி தன் பட்டியலைத்தான் மிகவும் அழகாக எழுதியிருந்தாள். டிஷ்யூ தாள் என்று சொன்ன பையன் கணக்கைச் சரியாகச் செய்து முடித்துவிட்டு, நெடுநேரம் தலை நிமிராமல் இருந்தான். அவன் மீது எனக்குச் சினம் இல்லை. வீட்டில் கேட்டதை வகுப்பில் சொன்னான். பிள்ளைகள் வேறு என்ன செய்வார்கள்?

அவன் தந்தையார் மதுரைக்காரர். சைபர்ஜெயாவில் கணினித் துறையில் பணி. தாயார் கிள்ளானில் பிறந்து வளர்ந்தவர். பையன் மலேசியக் குடிமகன். தேர்ச்சி அறிக்கை வழங்கும் நாளன்று இருவரும் வந்திருந்தனர். நடந்ததைச் சொன்னேன். அவர் முதலில் சிரித்தார். “வீட்டில் சும்மா பேசுவதுதான் சார்.” பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, மதுரையில் வாங்கிய வீட்டுக்கு மாதத் தவணை ரூபாயில் கட்டுவதையும், பெற்றோரின் மருந்துச் செலவையும், வேலை அனுமதி ஒவ்வொரு முறை முடியும்போதும் வயிற்றைக் கலக்குவதையும் சொன்னார். “சிரிக்காவிட்டால் தூக்கம் வராது சார்” என்றார். எனக்குத் தோசை மாஸ்டரின் நினைவு வந்தது.

“சிரியுங்கள், யார் வேண்டாம் என்றது?” என்றேன். “ஆனால் உங்க ரிங்கிட் என்று சொல்லும்போது உங்கள் மகனுடைய ரிங்கிட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறீர்கள். அவன் பெரியவனாகி இங்கேதானே சம்பளம் வாங்கப்போகிறான்.”

அவர் பதில் சொல்லவில்லை. அவர் மனைவிதான், “இவருக்குக் கிரிக்கெட் பார்க்கும்போது மட்டும்தான் ‘நம்ம’ வரும், ஐயா” என்றார். பையன் சிரித்தான். தந்தையாரும் சிரித்துவிட்டார்.

அந்த ஆண்டு செப்டம்பர் இறுதியில் ரிங்கிட் நன்கு மீண்டு, ஒரு டாலருக்கு 4.20க்கும் கீழே வந்தது. அந்த மாணவி கணிதத்தில் நல்ல தேர்ச்சி பெற்றிருந்தாள். மதுரைக்காரரிடமிருந்து எனக்கு ஒரு செய்தி வந்தது. ‘பார்த்தீர்களா சார், நம்ம ரிங்கிட் ஏறிவிட்டது!’ ஏறியவுடன் ‘நம்ம’ ஆகிவிட்டது. அடுத்த முறை இறங்கும்போது என்ன எழுதுகிறார் என்று பார்க்க வேண்டும்.