எழுத்து முடிந்த பிறகு வரும் காதல்

ரமணிச்சந்திரனின் காதல் நாவல்களை விரும்பிப் படிப்பவள் நான். இதை வெளியில் சொல்ல நெடுங்காலம் துணிவு வரவில்லை. கொழும்பு, புதுக்கடையில் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராக வேலை. நீதிமன்றங்களுக்கு அருகே, ஃபொட்டோகொப்பிக் கடைக்குப் பின்னாலிருக்கும் சின்ன அறையில் என் மேசை. பிறப்புப் பத்திரம், விவாகப் பத்திரம், காணி உறுதி என்று நாள் போகும். லாச்சிக்குள் முத்திரைகளோடு எப்போதும் ஒரு நாவல் கிடக்கும். இலக்கியக் கூட்டங்களில் அந்தப் பெயரை எடுத்தாலே முகம் சுளிப்பார்கள். அந்த நாவல்கள் எதைப் பற்றியவை என்பதை எனக்கு விளங்கவைத்தது இந்த மேசைதான்.

என்னிடம் வருபவர்களில் பலர் எழுத்து, அதாவது விவாகப் பதிவு, முடித்த பெட்டையள். மாப்பிள்ளை கனடாவிலிருந்து சில வாரம் லீவில் வருவார். வெள்ளவத்தையில் பதிவாளர் முன்னிலையில் எழுத்து நடக்கும். அவர் திரும்பிப் போனபின் ஸ்பொன்சர் கோப்பு தொடங்கும். கனடாவின் குடிவரவு விதிகளின்படி, அந்தத் திருமணம் உண்மையானதாக இருக்க வேண்டும். விசாவுக்காகவே செய்ததாக இருக்கக் கூடாது. அதைக் காட்டப் படங்கள், தொலைபேசிப் பதிவுகள், வட்ஸ்அப் செய்திகள் எல்லாம் வைப்பார்கள். தமிழில் இருப்பவை ஆங்கிலமாக வேண்டும். அப்படித்தான் முன்பின் தெரியாத இருவர் கணவன் மனைவியாகும் கதை பக்கம் பக்கமாக என் கைக்கு வருகிறது. (யாரையும் அடையாளம் காட்டிவிடக் கூடாது என்பதால், பல கோப்புகளில் கண்டதைச் சேர்த்தே சொல்கிறேன்.)

முதல் மாதச் செய்திகளில் ஒன்றுமே இருக்காது. சுகமா, சுகம், அங்கே குளிரா, அவ்வளவுதான். கோடையில் ஒன்பதரை மணித்தியாலம், குளிர்காலத்தில் பத்தரை: ரொறன்ரோவுக்கும் கொழும்புக்கும் உள்ள இந்த இடைவெளியில் ஒருவர் எழும்பும்போது மற்றவர் களைத்துப் போயிருப்பார். பிறகு, மாமியின் பிரஷர் குளிசை முடிந்துவிட்டதா என்று அவர் கேட்பார். சம்பளத்தில் பாதி வாடகைக்கே போவதை ஒருநாள் ஒளிக்காமல் சொல்லுவார். அதற்குப் பிறகு முதல் சண்டை வரும்.

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லாமல் ஏன் வேலையை விட்டனீங்கள்?" என்று ஒருத்தி எழுதியிருந்தாள். நடுச்சாமம் தாண்டியும் போன சண்டை. பக்கங்களைக் காட்டியபடி கேட்டாள்: "அக்கா, இதை எடுத்துவிடுவமோ? வெட்கமாக் கிடக்கு."

"வேண்டாம் பிள்ளை, இதைக் கட்டாயம் வையுங்கோ" என்றேன். உரிமை இல்லாத இடத்தில் ஒருத்தி அப்படிக் கோபிக்கமாட்டாள். அந்தக் கோப்பிலேயே உயிருள்ள பக்கம் அதுதான்.

வீட்டுக்குப் போய் நாவலைத் திறந்தபோது வேறு கண்ணால் படித்தேன். ரமணிச்சந்திரன் எழுதிய நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்களில் பலவற்றில் கல்யாணம் ஏதோ ஒரு நிர்ப்பந்தத்தில் தொடக்கத்திலேயே முடிந்துவிடும். சந்தேகம், கோபம், மனத்தாங்கல் எல்லாவற்றையும் கடந்தபிறகே காதல் வரும். முன்பின் தெரியாத ஒருவருக்குக் கழுத்தை நீட்டிவிட்டு, அவரோடு எப்படி மனம் ஒத்து வாழ்வது? எங்கள் சமூகத்தில் கோடிப் பெண்களின் கேள்வி இது. விமர்சகர்கள் பொழுதுபோக்கு என்று தள்ளிய இந்தப் புத்தகங்கள் அதை விடாமல் கேட்டன. செட்டியார் தெருவிலும் வெள்ளவத்தையிலும் பூபாலசிங்கம் புத்தகசாலையில் அவற்றைத் தேடி வாங்கிய பெண்கள் ஏமாளிகள் இல்லை. இன்று பிரதிலிபி செயலியில் அத்தியாயம் அத்தியாயமாகப் படிப்பவர்களும் ஏமாளிகள் இல்லை.

அதட்டும் நாயகனை மட்டும் என்னால் ஏற்க முடியாது. நாயகனின் முரட்டுத்தனத்தை அன்பென்று காட்டும் பக்கங்கள் இந்த வகை எழுத்தில் ஏராளம். அதே மேசையில் விவாகரத்து வழக்குப் பத்திரங்களையும் மொழிபெயர்க்கிறேன். இலங்கையின் 1907ஆம் ஆண்டு விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் விவாகரத்துக்கு மூன்றே காரணங்களைத்தான் சொல்கிறது. மனம் ஒத்துவரவில்லை என்பது அவற்றில் இல்லை. முரட்டுத்தனத்தைக் காதல் என்று நம்பிப் போனவளுக்கு வெளியே வரும் வாசல் எவ்வளவு ஒடுக்கம் என்பதை ஒவ்வொரு வழக்கிலும் பார்க்கிறேன்.

எங்கள் மண்ணிலேயே வேறு மாதிரி எழுதியிருக்கிறார்கள். 1970களில் இந்திய இதழ்களின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட காலத்தில் வீரகேசரி பிரசுரம் இங்குள்ளவர்களின் நாவல்களை மலிவு விலையில் ஊரூராகக் கொண்டுபோனது. 1973இல் வந்த அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி'யில் மாளிகை இல்லை, கார் இல்லை. வன்னிக் காட்டோரம் தண்ணிமுறிப்பில் கதிராமனும் பதஞ்சலியும் வாழ்கிறார்கள். காதல் அங்கே உழைப்போடு சேர்ந்தே வருகிறது. வெளியிலும் வேறு மாதிரி எழுதுகிறார்கள். அமெரிக்காவில் வாழும் சொனாலி தேவ் 2014இல் எழுதிய 'எ பொலிவுட் அஃபேர்' நாவலின் நாயகி, நாலு வயதில் கட்டிவைக்கப்பட்டவள். கணவன் வந்து அழைத்துப் போவான் என்று இருபது வருடம் காத்திருந்தவள். ராஜஸ்தான் கதைதான். ஆனாலும் அதைப் படிக்கும்போது எனக்கு முன்னால் கோப்போடு இருக்கும் பெட்டையள்தான் நினைவுக்கு வந்தார்கள்.

எழுத்துக்கும் விசாவுக்கும் நடுவே கிடக்கும் அந்தக் காலம் எங்கள் காதல் நாவல்களுக்குள் போதிய அளவு வரவில்லை என்பது என் ஆதங்கம். அது உதிரிக் காலமல்ல. அந்த மாதங்களில்தான் இருவரும் ஒருவரையொருவர் கண்டுபிடிக்கிறார்கள். வேலை முடிந்த பின்னேரங்களில், பக்கத்து அப்துல் ஹமீத் வீதியில் கொத்து ரொட்டிச் சத்தம் தொடங்கும் நேரத்தில், நானே அதை எழுதத் தொடங்கியிருக்கிறேன். முதல் அத்தியாயத்திலேயே எழுத்து முடிந்துவிடுகிறது. நாயகனுக்கு ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்ட் அறையும் இரவு வேலையும் கொடுத்திருக்கிறேன். இப்போது சண்டை அத்தியாயத்தில் நிற்கிறேன். அவள் நல்லாகச் சத்தம் போடுகிறாள். அவன் அதட்டாமல் காரணத்தைச் சொல்கிறான்.