கை மடங்குதுன்னு சொல்லிட்டாங்க

 

வீட்டுல ஒரு பஞ்சாயத்து. தம்பி பையன் காலேஜ் ரெண்டாம் வருசம். இடது கை வேகப்பந்து. ஒருநாள் சாயங்காலம் வந்து, "பெரியப்பா, எனக்குக் கை மடங்குதாமா"ன்னு நின்னான். காலேஜ் டீமுக்கு ஆள் எடுக்கும்போது அம்பயரா நின்னவர், "நீ பந்து போடல தம்பி, எறியற"ன்னு சொல்லிட்டாராம். அன்னையிலிருந்து பந்தைத் தொடல. காலேஜ் விட்டா நேரா தறிக்குடோனுக்குப் போயிடறான்.

தம்பிக்கு உள்ளுக்குள்ள நிம்மதி. "நல்லதாப் போச்சுங்ணா. ராத்திரி ஷிப்டுக்கு ஆளே சிக்கறதில்ல"ங்கறான். அவனைத் தப்பு சொல்ல முடியல. சாமளாபுரத்துல கூலிக்குத் தறி ஓட்டறவன் பொழப்பு அப்படி. பாவு அவங்க கொடுப்பாங்க, நெஞ்சு கொடுத்தா நமக்குக் கூலி. கரண்ட் பில் நம்முது, தேயற சாமான் நம்முது. ஆனா பையன் முகத்தையும் பாக்க முடியல.

எனக்குத் திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில செக்கிங் வேலை. போன மாசம் ஒரு அமெரிக்க ஆர்டர். நெஞ்சுல ஹெல்மெட் போட்ட ஒருத்தன் எம்பிப் பந்தைப் பிடிக்கிற படம். மெர்ச்சண்டைசர் பையன்தான் விளக்கினான். அது அவங்க ஊர் ஃபுட்பால், காலைவிடக் கைக்குத்தான் வேலை அதிகம். படத்துல இருக்கறவன் வைட் ரிசீவர். ஓரமா ஓடிப்போய் தூரத்துல இருந்து வர்ற பந்தைப் பிடிக்கணும். அங்க காலேஜ் ஆட்டம் பாக்கவே லட்சம் பேர் உக்கார்ற மைதானமெல்லாம் இருக்காம். நமக்கெல்லாம் காலேஜ் ஆட்டம்னா வேப்பமரத்தடியில பத்துப் பேரு.

அன்னைக்கு ராத்திரி அதையே படிச்சுட்டு இருந்ததுல ஜெர்ரி ரைஸ் கிடைச்சாரு. மிசிசிப்பியில ஒரு கொத்தனார் மகன். லீவு நாள்ல அப்பாவோட வேலைக்குப் போவாரு. கீழேயிருந்து அண்ணன் தம்பி தூக்கிப் போடற செங்கல்லை மேல நின்னு பிடிக்கணும். கை பழகினது அங்கதான். பள்ளிக்கூடத்துல வகுப்புக்கு மட்டம் போட்டு மாட்டினப்ப ஒரே ஓட்டமா ஓடியிருக்காரு. அந்த ஓட்டத்தைப் பாத்துத்தான் விளையாட்டுல சேர்த்து விட்டாங்களாம் (நம்மூரா இருந்தா அப்பாவைக் கூட்டிட்டு வரச் சொல்லியிருப்பாங்க). பெரிய காலேஜ் எதுவும் சீண்டல. மிசிசிப்பி வேலி ஸ்டேட்ங்கற சின்ன இடத்துல ஆடி, 1985ல 16வது ஆளா சான் பிரான்சிஸ்கோ அணிக்குப் போனாரு.

பையன்கிட்ட இதைச் சொன்னேன். "நமக்கு அதெல்லாம் எதுக்குங்க பெரியப்பா"ன்னு தாருல நூல் தீர்ந்த நாடாவை மாத்தப் போயிட்டான்.

அப்புறந்தான் மண்டையில உறைச்சுது. மிசிசிப்பி வரைக்கும் போனவனுக்குச் சேலம் ஞாபகம் வரலியே! நம்ம சின்னப்பம்பட்டி நடராஜன். அப்பா நெசவுக் கூலி, அம்மா ரோட்டோரத்துல கோழிக்கறிக் கடை, அஞ்சு பிள்ளைகள்ல மூத்தவர். இருபது வயசு வரைக்கும் டென்னிஸ் பந்துதான். ஊர்க்காரர் ஜெயப்பிரகாஷ் சென்னைக்குக் கூட்டிட்டுப் போய்த்தான் லீக் கிரிக்கெட்டே. 2015 ஜனவரியில தமிழ்நாட்டுக்காக முதல் ரஞ்சி மேட்ச். அந்த மேட்சுலயே பந்துவீச்சு மேல சந்தேகம்னு எழுதிட்டாங்க. நம்ம பையனுக்குச் சொன்ன அதே விசயம்.

எல்லாரும் மூணு கோடியைப் பேசுவாங்க. 2017 ஐபிஎல் ஏலத்துல பத்து லட்சத்துல ஆரம்பிச்சு பஞ்சாப் எடுத்தது. 2020 டிசம்பர்ல ஆஸ்திரேலியாவுல ஒருநாள், டி20, அடுத்த ஜனவரியில பிரிஸ்பேன் டெஸ்ட், ஒரே டூர்ல மூணுலயும் அறிமுகம். நெட்ல பந்து போடப் போன ஆளு! எனக்கு அதைவிட நடுவுல போன அந்த ஒரு வருசத்துக்கும் மேலான காலந்தான் பெரிசாத் தெரியுது. மாநிலத்துக்கு ஆடிட்டு, ஊரே பேசினப்புறம் வெளிய நின்னு, கையைப் பழக்கத்துலயிருந்து பிரிச்சு முதல்லயிருந்து போடறது. அப்பாவுக்கு ஒத்தாசையா வேலைக்குப் போயிடலாம்னு தோணாதா? அவர் திரும்பி வந்து 2016 டிஎன்பிஎல்ல யார்க்கராப் போட்டப்பத்தான் ஊர் மறுபடி திரும்பிப் பாத்துச்சு.

கை மடங்கறது குத்தமே இல்லைங்கறதும் அப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுது. தோள் மட்டத்துக்குக் கை வந்தப்புறம் பந்தை விடறதுக்குள்ள முழங்கை 15 டிகிரிக்கு மேல நிமிரக்கூடாது, அவ்வளவுதான். சரி பண்ற விசயந்தான்.

தம்பிகிட்ட ஆறு மாசம் கேட்டேன். "ராத்திரி ஆளுக்குக் கூலி யாருங்ணா குடுக்கறது?" நியாயமான கேள்வி. பாதி நான் தர்றேன்னேன். ஒண்ணும் பேசல, எந்திரிச்சுப் போய்ட்டான். எங்க ஊட்டுக்காரி என்னைப் பாத்த பார்வையைத் தனிப் பதிவாப் போடலாம்.

ஞாயித்துக்கிழமை பள்ளிக்கூட மைதானத்துக்குப் பையனைக் கூட்டிட்டுப் போனேன். நடந்து வந்து மெதுவாத்தான் போட்டான். பக்கவாட்டுல நின்னு போன்ல ஆறு பந்து எடுத்தேன். எனக்கென்ன தெரியும், நேராத்தான் இருந்த மாதிரி இருந்துச்சு. காலேஜ் கோச்சுக்கு அனுப்பியிருக்கான். ரெண்டு நீலக் குறியும் விழுந்துருச்சாம். பதில் வரல. தம்பி நேத்து ராத்திரி ஷிப்டுக்கு வேற ஆள் விசாரிச்சுட்டு இருந்தான்.