பிரெஞ்சு, ஆம்பூர்: சில குறிப்புகள்

'சா வா?' நலமா? பதிலும் 'சா வா'தான். அழுது முடித்து வந்தவரும் இதையே சொல்லலாம். முதல் வகுப்பிலேயே வந்துவிடுகிறது. அதற்கு மேல் போகத்தான் தயக்கம்.

பயமும் வெட்கமும் பிரெஞ்சில் நம்மிடம் உள்ள பொருள்கள். 'ஜே பெர்', என்னிடம் பயம் இருக்கிறது. 'ஜே ஓந்த்', என்னிடம் வெட்கம் இருக்கிறது.

இங்கே ஆம்பூரில், "எனக்கு பயமா கீது". உருது பேசும் வீடுகளின் சொல்வழக்கில் பயம் வந்து ஒட்டிக்கொள்ளும்.

மகிழ்ச்சி வேறு கணக்கு. ஆண் 'கோந்தான்'. பெண் 'கோந்தாந்த்'. கடைசி 'த்' அவளுக்கு மட்டும். வகுப்பில் மாணவிகள் அதை விழுங்கிவிடுகிறார்கள். உரக்கச் சொல்லச் சொன்னால் குரலே மாறுகிறது.

பிரெஞ்சில் தன்னம்பிக்கை உள்ளவர் தன் தோலுக்குள் நன்றாக இருக்கிறாராம். தன் விளையாட்டு ஷூவுக்குள் என்றும் சொல்வார்கள்.

உடம்பில் இருக்கும்வரை 'பொ'. பதனிட்டபின் 'க்யுயிர்'. ஆம்பூர் டேனரிக்காரருக்கு இரண்டும் தோல்.

பிரெஞ்சு இங்கே முன்பே வந்தது: 1749 ஆகஸ்ட் 3, ஆம்பூர்ப் போர். நவாப் பட்டத்துக்குப் போட்டியிட்ட சந்தா சாகிப், அவர் கூட்டாளி முசாபர் ஜங், புதுச்சேரியிலிருந்து வந்த பிரெஞ்சுப் படை ஒரு பக்கம். எதிரே ஆர்க்காட்டு நவாப் அன்வருதீன் கான். களத்திலேயே இறந்தார். அன்று இங்கே கேட்ட பிரெஞ்சு, கட்டளைகள்.

அந்த ஆண்டு ஆனந்தரங்கப் பிள்ளை புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் துபாஷ், அதாவது மொழிபெயர்ப்பாளர். நாட்குறிப்பு மட்டும் தமிழில்.

பிளஸ் 2-வில் தமிழுக்குப் பதில் பிரெஞ்சு எடுப்பவர்கள் உண்டு. மதிப்பெண்ணுக்காக. வினைச்சொல் அட்டவணை மனப்பாடம். 'இன்று மனசு சரியில்லை' என்று சொல்லத் தெரியாது. யாரும் கேட்டதும் இல்லை.

டெல்ஃப் ஏ1, பிரெஞ்சுக்கான தொடக்க நிலைத் தேர்வு. பேச்சுத் தேர்வுக்கு 25 மதிப்பெண். பேசுவது ஐந்திலிருந்து ஏழு நிமிடம். 5-க்குக் கீழே போனால், மற்ற மூன்று பகுதிகளிலும் நன்றாகச் செய்திருந்தாலும் தேர்ச்சி இல்லை.

வாயே திறக்காத ஒரு மாணவி. 'ஜ ந சுயி பா சூர்', எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. இந்த ஒரு வாக்கியம் கிடைத்ததும் பேச ஆரம்பித்தாள்.

ஆம்பூரிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகும் ஷூவின் அளவு பாரிஸ் பாயிண்ட். ஒரு பாயிண்ட், சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு. 38 என்ற எண்ணை ஷூவின் மேல்பகுதியான அப்பரைத் தைக்கும் பெண்கள் தினமும் பார்க்கிறார்கள்.

அவர்களுக்கு ஒரு பிரெஞ்சு வகுப்பு வேண்டும். ஷிஃப்ட் முடிந்த பிறகு அல்ல, ஷிஃப்ட் நேரத்திலேயே.

பாடங்கள்:

முதுகு வலிக்கிறது.

கோபமாக இருக்கிறேன்.

கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள்.

'சே முவா கி லே ஃபே.' இதைச் செய்தது நான்.