எங்கள் சாமி அப்படியில்லை

2021 ஜூன் 16-ஆம் தேதி சாமியார் சிவசங்கர் பாபா டெல்லியில் கைதான செய்தி வந்தபோது, அதை எனக்குத் தெரிந்த வாட்ஸ்அப் குழுக்களுக்கெல்லாம் அனுப்பிவைத்தேன். அனுப்பியதோடு விட்டேனா என்றால் அதுவும் இல்லை. "அங்கே வேலை பார்த்தவர்களுக்குக் கண் இல்லையா? கணக்கு வழக்கு பார்த்தவர்களுக்குமா ஒன்றும் தெரியாமல் போயிற்று?" என்று என் பங்குக்கு இரண்டு வரி எழுதிச் சேர்த்தேன். பலர் பாராட்டினார்கள். அதே கேள்வியை என்னிடம் கேட்கக்கூடிய ஒரு பெண்மணி அந்தக் குழுக்கள் எதிலும் இல்லை. அந்தத் தைரியத்தில்தான் எழுதினேன்.

அந்த வழக்கு எங்கள் பக்கத்து வழக்கு. கேளம்பாக்கத்தில் அவர் நடத்திய சுஷில் ஹரி பள்ளியை இங்கே அறியாதவர் கிடையாது. அந்த ஆண்டு மே மாதம் சென்னை கே.கே. நகரில் ஒரு பள்ளி ஆசிரியர் மீது பாலியல் புகார் கிளம்பி, அவர் கைதாக, அதைப் பார்த்துப் பிற பள்ளிகளின் பழைய மாணவிகளும் வாய் திறந்தார்கள். கேளம்பாக்கத்துப் பெண்களும் பேசினார்கள். மாமல்லபுரம் அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் போக்சோ சட்டத்தில் வழக்குகள் பதிவாகி, சி.பி.சி.ஐ.டி.க்கு மாறின. நெஞ்சுவலி என்று டேராடூன் மருத்துவமனையில் இருந்தவர் அங்கிருந்து கிளம்பி டெல்லியில் பிடிபட்டார். செங்கல்பட்டு நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். குற்றச்சாட்டுகளை அவர் மறுத்தார். அதை விசாரிக்க நீதிமன்றம் இருக்கிறது. நான் எழுத வந்தது என் வழக்கை.

கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, சவுக்குத் தோப்பை ஒட்டி எங்கள் மன்றம். பெயர் வேண்டாம். ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையில் பஜனையாகத் தொடங்கி, கிரானைட் பதித்த தியான மண்டபமாக வளர்ந்த இடம். நான் அதன் பொருளாளர். சந்தாப் பேரேடு, ரசீதுப் புத்தகம், அன்னதான வரவு செலவு எல்லாம் என் கையெழுத்தில் இருக்கும். விசேஷ நாட்களில் எனக்கு முன்வரிசை நாற்காலி. "பொருளாளர் ஐயா வந்துட்டாரா?" என்று சாமி மேடையிலிருந்து கேட்பார். அப்படிக் கேட்கும்போது எனக்குள் ஒரு குளிர்ச்சி இறங்கும். என் மகனுக்கு ஒரகடத்தில் வேலை கிடைத்தது ஒரு பக்தரிடம் சாமி சொன்ன ஒரு வார்த்தையால்தான். இதைச் சொல்லாமல் மீதியைச் சொன்னால் அது பாதி வாக்குமூலம்.

பௌர்ணமி அன்னதானத்துக்குச் சமைக்க வருகிற அம்மா ஒருவர். மாதம் ஐம்பது ரூபாய் சந்தாவும் கட்டுவார். பள்ளிக்கூடம் போகிற மகள், காய் நறுக்கிக் கொடுக்கக் கூடவே வரும். கேளம்பாக்கம் விவகாரம் வெடிப்பதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னால், ஒரு பௌர்ணமி இரவு கூட்டம் கலைந்த பிறகு அந்த அம்மா என் மேசைப் பக்கம் வந்து நின்றார்.

"சார், பொண்ணு இனிமே இங்க வரமாட்டேங்குது. சாமி தனியா கூப்பிடுறாராம். மேல கை வெக்கிறாராம். நான் என்ன சார் பண்றது?"

நான் முதலில் கேட்டது, "ஆதாரம் இருக்காம்மா?" என்று. அந்தப் பெண் எப்படி இருக்கிறாள் என்று கேட்கவில்லை. அடுத்து, "வெளியில சொல்லிடாதீங்க, பொண்ணு பேரு கெட்டுடும்" என்றேன். மூன்றாவதாகச் சொன்னதுதான் கேவலம். "எங்க சாமி அப்படியில்லம்மா. குழந்தை ஏதாவது தப்பாப் புரிஞ்சிருக்கும்." அந்த அம்மா "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போய் மீதி அண்டாக்களைக் கழுவினார். கழுவி முடிக்கட்டும் என்று நானும் ரசீதுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அடுத்த பௌர்ணமிக்கு அவர் வரவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் நான் முயலவில்லை. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தில் 19-ஆவது பிரிவு, குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் பற்றி அறிந்த எவரும் போலீசுக்குத் தெரிவித்தாக வேண்டும் என்கிறது. மறைத்தால் 21-ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை. நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தனக்குக் கீழே உள்ளவரின் குற்றத்தை மறைத்தால் ஒரு வருடம் வரை. ஆதாரம் திரட்டுவது போலீசின் வேலை. தகவலைச் சொல்வது மட்டும்தான் என் வேலையாக இருந்தது. என் மௌனத்தை இத்தனை நாளாகப் பெருந்தன்மை என்று நினைத்துவந்தேன். சட்டப் புத்தகத்தில் அதற்குக் குற்றம் என்று பெயர்.

மாமல்லபுரத்துக்கு விருந்தாளிகளை அழைத்துப் போனால் அர்ச்சுனன் தபசுப் பாறையில் நான் தவறாமல் காட்டுவது அந்தப் பூனையை. பின்னங்கால்களில் நின்று, முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்துகொண்டிருக்கும். சுற்றிலும் எலிகள். "ருத்ராட்சப் பூனை" என்று சொல்லிச் சிரிப்பேன், அவர்களும் சிரிப்பார்கள். மகாபாரதத்தின் உத்தியோக பருவத்தில் இப்படி ஒரு பூனையின் கதை வருகிறது. துரியோதனன் தருமரைக் குத்திக்காட்ட உலூகனிடம் சொல்லியனுப்புகிற கதை. கங்கைக் கரையில் தவம் செய்கிற பூனையை நம்பி எலிகள் அடைக்கலம் புகுகின்றன. தவத்தால் தளர்ந்துவிட்டேன், ஆற்றங்கரைக்குத் தினமும் என்னைக் கொண்டுபோய் விடுங்கள் என்கிறது பூனை. எலிகள் குறைந்துகொண்டே வர, பூனை கொழுத்துக்கொண்டே போகிறது. கடைசியில் ஒரு கிழட்டு எலி கண்டுபிடிக்கிறது: பழமும் கிழங்கும் மட்டும் தின்கிறவனின் கழிவில் மயிர் எப்படி வரும்?

தணிக்கை என்றால் அது தணிக்கை. நான் பூனையைக் காட்டினேனே தவிர, அந்தக் கிழட்டு எலியின் வேலைதான் எனக்குக் கொடுக்கப்பட்டது என்பதை யோசிக்கவில்லை. எங்கள் பேரேட்டில் அந்த மயிர் இருந்தது. வயதுப் பெண்கள் உள்ள குடும்பங்கள் சில, வருடக்கணக்காகக் கட்டிவந்த சந்தாவைத் திடீரென்று நிறுத்தியிருந்தன. ஏன் என்று எவரும் சொல்லவில்லை, நானும் போய்க் கேட்கவில்லை. "கல்வி உதவி" என்ற தலைப்பில் குறிப்பிட்ட சில பிள்ளைகளுக்கு மட்டும் செல்போனும் துணிமணியும் வாங்கிய பில்கள் வந்தன; பாஸ் செய்தேன். நின்றுபோன பெயர்களுக்கு எதிரே குறிப்பு எழுத ஒரு பத்தி உண்டு. அதில் "வெளியூர் மாற்றம்" என்று எழுதினேன். அவர்களில் ஒருவரைத் திருப்போரூர் சந்தையில் பார்த்த பிறகும் அப்படியே விட்டேன்.

பயந்தாயா என்று கேட்டால், அடிதடிக்குப் பயப்படவில்லை. 2002-இல் ஹரியானாவின் சிர்சாவில் தேரா சச்சா சௌதா தலைவர் மீது ஒரு பெண் சீடர் பெயர் போடாமல் எழுதிய கடிதத்தை, ராம் சந்தர் சத்ரபதி என்ற உள்ளூர்ப் பத்திரிகையாளர் தன் சின்னப் பத்திரிகையில் அச்சிட்டார். அந்த ஆண்டே சுட்டுக் கொல்லப்பட்டார். பாலியல் வல்லுறவு வழக்கில் குர்மீத் ராம் ரஹீமுக்குத் தண்டனை கிடைத்தது 2017-இல். அப்படிப்பட்ட இடங்கள் உண்டு. எங்கள் மன்றத்தில் துப்பாக்கி இல்லை. நான் இழந்திருக்கக்கூடியது ஒரு முன்வரிசை நாற்காலி. அதோடு, இத்தனை வருடம் ஏமாந்தவன் என்ற பெயர் வந்து சேரும். அந்த ஆளைக் காட்டிக்கொடுத்தால் என் முட்டாள்தனத்தையும் சேர்த்துக் காட்டிக்கொடுக்க வேண்டியிருந்தது. என் நாக்கைக் கட்டியது அதுதான். பக்தி என்று வெளியே சொல்லிக்கொண்டேன்.

இது எங்கள் வீட்டில் பழைய பழக்கம் என்றும் தோன்றுகிறது. விராலிமலைக்குப் பக்கத்தில் சாமியார் பிரேமானந்தாவின் ஆசிரமம் பற்றி 1994-இல் செய்தி வந்தபோது அப்பா தினமும் பேப்பரைச் சத்தமாகப் படிப்பார். இலங்கையிலிருந்து போருக்குத் தப்பி வந்த ஆதரவற்ற பெண்பிள்ளைகளை அல்லவா அந்த ஆள் கெடுத்தான் என்று கொதிப்பார். 1997-இல் புதுக்கோட்டை அமர்வு நீதிமன்றத்தில் நீதிபதி ஆர். பானுமதி இரட்டை ஆயுள் தண்டனை கொடுத்தார். 2005-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. தீர்ப்பு வந்த அன்று அப்பா பேப்பரை மடித்துவைத்துவிட்டு, "நல்லவேளை, நம்ம சாமி அப்படியில்ல" என்றார். ஊருக்கு ஊர், சாமியாருக்குச் சாமியார் இந்த வாக்கியம் மாறுவதில்லை. மதமும் விலக்கல்ல. ஊட்டி மறைமாவட்டத்தைச் சேர்ந்த பாதிரியார் ஒருவர் அமெரிக்காவில் சிறுமியிடம் தவறாக நடந்ததை அங்குள்ள நீதிமன்றத்தில் 2015-இல் ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றுத் திரும்பினார். அவர் மீதிருந்த இடைநீக்கத்தை 2016-இல் அந்த மறைமாவட்டம் நீக்கிவிட்டது. அங்கேயும் யாரோ ஒரு பொருளாளர் பேரேட்டைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்.

வாய் மூடிக் கிடப்பதால் காலம்தானே போகிறது, வேறென்ன நஷ்டம் என்று நினைத்தவன் நான். கேளம்பாக்கம் வழக்குகளில் ஒன்றைப் படித்தபோது அந்தக் காலத்துக்கு என்ன விலை என்று புரிந்தது. ஒரு மாணவரின் தாய், 2010-இல் தனக்குப் பாலியல் தொல்லை நடந்ததாகச் சொல்லி 2021-இல் புகார் கொடுத்தார். மூன்றாண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களை மூன்றாண்டுக்குள் நீதிமன்றம் கையில் எடுக்க வேண்டும் என்று அப்போதிருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இருந்தது. அந்தக் காரணத்தால் 2022 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த வழக்கை ரத்து செய்தது. பிறகு அந்த உத்தரவையே திரும்பப் பெற்றது. தாமதத்தை மன்னிக்கச் சட்டத்தில் வழி உண்டு என்றாலும், அதற்காக ஒரு பெண் நீதிமன்றப் படிகளை ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. தாமதத்துக்குக் காரணம் சொல்லச் சொல்லிப் பெண்களைத்தான் கேட்கிறார்கள். "ஆதாரம் இருக்காம்மா?" என்று கேட்டுத் திருப்பியனுப்பியவர்களைக் கூப்பிட்டு யாரும் விசாரிப்பதில்லை.

கேளம்பாக்கம் செய்திக்குப் பிறகு நான் மன்றத்திலிருந்து விலகினேன். விலகல் கடிதத்தில் "உடல்நிலை காரணமாக" என்று எழுதினேன். எனக்குச் சர்க்கரைகூட இல்லை. அவர்கள் விழா எடுத்தார்கள். சாமி தன் கையால் பொன்னாடை போர்த்தினார். நான் குனிந்து வாங்கிக்கொண்டேன். இதை எழுதும்போது அந்தப் பொன்னாடை பீரோவில் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வங்கியிலிருந்து மாதாமாதம் மன்றத்துக்குப் போன நன்கொடையை நிறுத்தியது வெகுகாலம் கழித்து. நிறுத்தினால் காரணம் கேட்பார்களே என்று விட்டுவைத்திருந்தேன்.

பிறகு அந்த அம்மாவைத் தேடிப் போனேன். ஒரு கல்யாண மண்டபச் சமையற்கட்டில் வேலையாக இருந்தார். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். கூடவே, இப்போது புகார் கொடுத்தால் நானும் சாட்சி சொல்கிறேன் என்று சொல்லவும். அந்த அம்மா அடுப்பைச் சிறிதாக்கிவிட்டு வந்தார்.

"அன்னிக்கு எங்கூட ஸ்டேஷன் வரைக்கும் வந்திருந்தா போதும் சார். இப்ப அவளுக்குக் கல்யாணமாகி ஒரு கொழந்தை இருக்குது. அவ வீட்டுக்காரருக்கு இதெல்லாம் தெரியாது. நீங்க நல்லவராவறதுக்கு எம்பொண்ணக் கூப்பிடாதீங்க."

செங்கல்பட்டில் ஒரு வக்கீலைப் போய்ப் பார்த்தேன். பாதிக்கப்பட்டவரின் பெயர் வெளியே வராமல் காக்கச் சட்டம் இருக்கிறது என்றார். நான் அறிந்ததைச் சொல்லும் கடமை இன்னும் எனக்கு உண்டு, சொன்னால் மறைத்ததற்காக என் மீதும் வழக்கு வரலாம் என்றும் சொன்னார். சந்தாப் பேரேட்டின் நகலும் அந்தக் "கல்வி உதவி" பில்களின் நகலும் என்னிடம் இருந்தன. அவற்றோடு, நான் பார்த்தது, கேட்டது, எழுதாமல் விட்டது எல்லாவற்றையும் தேதிவாரியாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஒரு பக்கத்தை மட்டும் கொடுக்கவில்லை. அந்த அம்மாவின் பெயர் உள்ள பக்கம் அது. அது இல்லாமல் உங்கள் வாக்குமூலத்துக்குப் பலம் குறைவு என்றார் வக்கீல். தெரியும் என்றேன்.