தவறும்போது மட்டும் தெரிகிற ஐவர்

அமெரிக்கக் கால்பந்தில் ஐந்து பேருக்கு விசித்திரமான ஒரு வேலை உண்டு. நடுவில் சென்டர், அவருக்கு இருபுறமும் இரண்டு கார்டுகள், ஓரங்களில் இரண்டு டேக்கிள்கள். இந்த ஐவரைத்தான் அஃபென்சிவ் லைன் என்கிறார்கள். முன்வரிசை என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். பின்னால் நிற்கும் குவார்ட்டர்பேக் பந்தை வீசுவதற்கு இரண்டு மூன்று விநாடி அவகாசம் வாங்கித் தருவதும், பந்தோடு ஓடுகிறவருக்கு வழி திறந்து விடுவதும் இவர்கள் வேலை. ஆனால் முன்னோக்கி வீசப்படும் பந்தைப் பிடிக்கும் உரிமை வழக்கமாக இவர்களுக்கு இல்லை.

அந்த வேலை ஒழுங்காக நடந்தால் எந்தக் கணக்கிலும் ஏறாது. வீசியவருக்கு, பிடித்தவருக்கு, ஓடியவருக்கு எத்தனை கஜம் என்று ஏடு இருக்கிறது. தடுத்தவருக்கு அதிகாரபூர்வமான புள்ளி ஏதும் கிடையாது. எதிராளியை விதி மீறிப் பிடித்துவிட்டால் மட்டும் நடுவர் ஒலிவாங்கியில் அவருடைய சட்டை எண்ணைச் சொல்லி அரங்கம் முழுக்க அறிவிப்பார். மூன்று மணி நேரம் உழைத்தவர் பொதுவெளியில் அடையாளம் காட்டப்படுவது அந்த ஒரு தருணத்தில்தான்.

எங்கள் தோழர்கள் இருவர் வேலை நிமித்தம் மிசௌரி மாநிலத்தில் இருக்கிறார்கள். அவர்கள் வழியாகத்தான் கான்சாஸ் சிட்டி சீஃப்ஸ் அணி எங்கள் பேச்சுக்குள் வந்தது. (அணியின் பெயரையும் ரசிகர்களின் கோடரிக் கையசைப்பையும் பூர்வகுடி அமைப்புகள் எதிர்த்து வருகின்றன. அந்த எதிர்ப்பில் நாங்களும் அவர்கள் பக்கம்தான்.) சூப்பர் பவுல் இறுதிப்போட்டி நமக்குத் திங்கட்கிழமை விடியற்காலையில் வரும். ஆட்டம் முடிந்ததும் தோழர்களோடு தொடங்கும் விவாதம் அந்த வாரம் முழுக்க ஓடும். தொடங்குவது ஆட்டத்தில்தான். ஆனால் யாருடைய உழைப்பை யார் எந்தக் கோலால் அளப்பது என்கிற, நமக்கு நன்றாகப் பழக்கமான கேள்வியில் வந்து நிற்கும். அதனால்தான் இங்கே எழுதுகிறோம்.

2021 பிப்ரவரி 7. டாம்பா பே 31, கான்சாஸ் சிட்டி 9. ஈஎஸ்பிஎன் கணக்குப்படி அன்று குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ் 29 முறை நெருக்கடிக்கு உள்ளானார். அதற்கு முன் எந்த சூப்பர் பவுலிலும் எவரும் அவ்வளவு துரத்தப்பட்டதில்லை. ரசிகர்கள் மூன்று அணியாகப் பிரிந்தார்கள். டேக்கிள்கள் இருவரும் கதவைத் திறந்து விட்டார்கள் என்றது ஒரு தரப்பு. மஹோம்ஸ் மிகவும் பின்வாங்கி நின்றால் ஓரத்தில் நிற்பவர் என்ன செய்வார் என்றது இன்னொரு தரப்பு. உதவிக்கு ஆள் நிறுத்தாத பயிற்சியாளரைக் கேளுங்கள் என்றது மூன்றாம் தரப்பு.

முதல் தரப்பின் குரல்தான் ஓங்கியிருந்தது. ஆனால் அன்று அந்த இடங்களில் நின்றவர்கள் யார்? இடது டேக்கிள் எரிக் ஃபிஷர் இரண்டு வாரங்களுக்கு முந்தைய ஆட்டத்தில் குதிகால் நரம்பு அறுந்து படுக்கையில் இருந்தார். வலது டேக்கிள் மிட்செல் ஷ்வார்ட்ஸ் முதுகுக் காயத்தால் மாதக்கணக்கில் வெளியே. கார்டு லோரான் டுவெர்னே-டார்டிஃப் மருத்துவம் படித்தவர். கொரோனா காலத்தில் அந்தப் பருவ ஆட்டத்தையே விட்டுவிட்டு, கியூபெக்கில் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை செய்யப் போயிருந்தார். எனவே வலது ஓரத்துக்காரரான மைக் ரெம்மர்ஸை இடது ஓரத்துக்கும், கார்டாக ஆடிவந்த ஆண்ட்ரூ வைலியை வலது ஓரத்துக்கும் மாற்றினார்கள். ஓரம் மாறினால் எந்தக் கால் பின்னால் போக வேண்டும், எந்தக் கை முதலில் நீள வேண்டும் என்பதெல்லாம் தலைகீழாகும். பல ஆண்டுகளில் உடம்பில் ஏறிய பழக்கத்தை இரண்டு வாரத்தில் திருப்பிப் போடச் சொல்லிவிட்டு, அவர்களுக்குத் திறமை இல்லை என்று தீர்ப்பு எழுதினார்கள்.

அடுத்த மாதமே ஃபிஷரையும் ஷ்வார்ட்ஸையும் அணி விடுவித்தது. ஃபிஷர் 2013இல் ஒட்டுமொத்த வீரர் தேர்வில் முதலாவதாக எடுக்கப்பட்டவர். இருவரும் ஓராண்டுக்கு முன்புதான், 50 ஆண்டு காத்திருந்த அந்த நகரத்துக்குக் கோப்பை வாங்கித் தந்த முன்வரிசையில் நின்றவர்கள். உடம்பு உடைந்தது, கணக்கு முடிந்தது.

இப்போது 2023 பிப்ரவரி 12க்கு வருவோம். எதிரே ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ். அந்தப் பருவத்தில் எதிரணிக் குவார்ட்டர்பேக்குகளை 70 முறை தரையில் சாய்த்த படை. அந்த ஆட்டத்தில் மஹோம்ஸை அவர்களால் ஒரு முறைகூடச் சாய்க்க முடியவில்லை. கான்சாஸ் சிட்டி 38-35 என்று வென்றது. அன்று வலது டேக்கிளாக நின்றவர் யார் தெரியுமா? அதே ஆண்ட்ரூ வைலி. இரண்டு ஆண்டுகளுக்கு முன் திறமையற்றவர் என்று ஏசப்பட்ட அதே ஆள், அதே ஓரம். மாறியது சூழல். பக்கத்தில் ட்ரே ஸ்மித், நடுவில் கிரீட் ஹம்ஃப்ரி, இடப்புறம் ஜோ தூனி, ஆர்லாண்டோ பிரவுன் என்று புதிய வரிசை இருந்தது. ஒருவர் பெயர்வதை மற்றவர் அறிந்து நகர்கிற அளவுக்குச் சேர்ந்து ஆடிய காலம் இருந்தது. அவர் அந்த ஓரத்திலேயே ஒரு பருவம் முழுக்க ஆடிப் பழகியிருந்தார்.

2025 பிப்ரவரியில் காட்சி மறுபடி திரும்பியது. இடது ஓரத்துக்கு ஆள் அமையாமல், சிறந்த கார்டு என்று பெயர் வாங்கிய தூனியையே அங்கே நிறுத்தினார்கள். ஈகிள்ஸ் 40-22 என்று வென்றார்கள். மஹோம்ஸ் ஆறு முறை சாய்க்கப்பட்டார். மறுநாள் மீண்டும் அதே வழக்குமன்றம்.

தகுதி, திறமை என்று நம் காதில் ஓதப்படும் சொற்களைப் பற்றி இந்த மூன்று ஆட்டங்களும் ஒன்றைச் சொல்கின்றன. திறமை ஒருவர் உடம்புக்குள் மட்டும் இருக்கிற பொருள் அல்ல. நிற்க இடம், பழக அவகாசம், பக்கத்தில் தோள் கொடுக்கும் ஆள் இவற்றோடு சேர்ந்துதான் அது வெளிப்படுகிறது. இவற்றைப் பறித்துவிட்டு அளப்பவர்கள், தாங்கள் பறித்ததையே அளக்கிறார்கள்.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. எந்த இடத்தில் யார் நிற்கலாம் என்று தீர்மானித்தது யார்? 1970இல் ஜான் லாய், ஜோசப் மெக்எல்வோக் என்ற இரு ஆய்வாளர்கள் களத்தின் மையமான இடங்களில், அதாவது குவார்ட்டர்பேக், சென்டர், கார்டு ஆகியவற்றில், வெள்ளையர்களே நிறைந்திருப்பதையும், கறுப்பர்கள் ஓரங்களுக்கு ஒதுக்கப்படுவதையும் எடுத்துக்காட்டினார்கள். சிந்திக்க வேண்டிய இடம் ஒருவருக்கு, ஓட வேண்டிய இடம் இன்னொருவருக்கு. உழைப்பைப் பிரிப்பதற்கும் உழைப்பாளர்களைப் பிரித்து வைப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அண்ணல் அம்பேத்கரிடம் கற்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்தச் சுவரில் விரிசல் விழ நீண்ட காலம் பிடித்தது. சூப்பர் பவுலை வென்ற முதல் கறுப்பினக் குவார்ட்டர்பேக் டக் வில்லியம்ஸ், 1988இல். இரு பக்கமும் கறுப்பினக் குவார்ட்டர்பேக்குகள் களமிறங்கிய முதல் சூப்பர் பவுல், மேலே சொன்ன 2023 ஆட்டம்தான். முன்வரிசைக்கும் இந்த வரலாறு உண்டு. புகழ்மண்டபம் திறந்து பத்தாண்டுகள் கழித்து, 1973இல்தான், முன்வரிசையில் மட்டுமே ஆடிய ஒருவருக்கு அங்கே இடம் கிடைத்தது. பால்டிமோர் கோல்ட்ஸின் ஜிம் பார்க்கர். அவர் கறுப்பர்.

இந்த வேலைக்கு உடம்பு கொடுக்கும் விலையைப் பற்றி ரசிகர்கள் குறைவாகவே பேசுகிறார்கள். பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸின் சென்டர் மைக் வெப்ஸ்டர், நான்கு சூப்பர் பவுல் வென்றவர், வெள்ளையர். தலையால் மோதி மோதியே வாழ்ந்தவர். கடைசிக் காலத்தில் நினைவு குழம்பி, தன் வண்டியிலேயே உறங்கும் நிலைக்கு வந்து, 2002இல் 50 வயதில் இறந்தார். அவருடைய மூளையை ஆராய்ந்து சேதத்தைக் கண்டறிந்தவர் நைஜீரியாவில் பிறந்த மருத்துவர் பென்னட் ஒமாலு. ஆய்வு 2005இல் வெளியானபோது, அதைத் திரும்பப் பெற வேண்டும் என்று லீக்கின் மருத்துவக் குழுவினர் எழுதினார்கள்.

பிறகு முன்னாள் வீரர்கள் வழக்காடி இழப்பீடு பெற்றார்கள். அங்கேயும் ஓர் அளவுகோல் ஒளிந்திருந்தது. மூளைச் சேதத்தைக் கணிக்கும் தேர்வில், கறுப்பர்களின் அறிவாற்றல் ஆரம்பத்திலேயே குறைவு என்று எடுத்துக்கொண்டு மதிப்பெண்ணைத் திருத்தும் முறை புழக்கத்தில் இருந்தது. ஒரே மதிப்பெண் எடுத்த இருவரில் வெள்ளையருக்கு நோய் உண்டு, கறுப்பருக்கு இல்லை என்றாகும். கெவின் ஹென்றி, நஜே டேவன்போர்ட் என்ற இரு முன்னாள் வீரர்கள் 2020இல் வழக்குத் தொடுத்தார்கள். 2021 ஜூனில்தான் இந்த முறையைக் கைவிடுவதாக லீக் அறிவித்தது. தோழர்களே, நிதானமாக யோசித்துப் பாருங்கள். ஆடும்போது உன் உடம்பு இயற்கையிலேயே வலிமையானது என்று புகழ்ந்தவர்கள், இழப்பீடு கேட்டபோது உன் மூளை இயற்கையிலேயே குறைவானது என்றார்கள். இரண்டும் ஒரே வாய்.

இவர்கள் பல லட்சம் டாலர் சம்பளம் வாங்குகிறவர்கள். கையுறை இல்லாமல் சாக்கடைக்குள் இறக்கப்படும் நம் மக்களோடு இவர்களை நாங்கள் ஒப்பிடவில்லை. ஒப்பிடுவது அளக்கும் முறையைத்தான். ஒழுங்காக நடக்கும்வரை கண்ணுக்குத் தெரியாத வேலை, தவறியதும் ஆளைத் தேடுகிற கூட்டம். இரண்டு இடத்திலும் அது ஒன்றே.

விவாதம் வேண்டாம் என்று சொல்லவில்லை. விவாதிப்பது ரசிகரின் உரிமை, எங்களுக்கும் அது பிடிக்கும். தோழர்கள் அடுத்த பருவத்தில் மீண்டும் அழைப்பார்கள், நாங்களும் விடியற்காலையில் எழுவோம். ஆனால் யாராவது ஒரு டேக்கிளின் பெயரைச் சொல்லித் தோல்வியை அவர் தலையில் கட்டினால், மூன்று கேள்விகளைக் கேட்போம். அவர் எந்த ஓரத்தில் ஆடிப் பழகியவர்? பக்கத்தில் யார் நின்றார்? உடைந்த பிறகு அவருக்கு யார் பொறுப்பு?