ஈரத் தாள்

கடலாராய்ச்சிக் கப்பலிற் சென்று வந்தோம் என்று சொன்னால், கேட்பவர்கள் முதலிலே திமிங்கிலத்தைப் பற்றித்தான் விசாரிப்பார்கள். அடுத்தபடியாகப் புயலைப் பற்றி. அங்கே நாம் செய்தது ஏறத்தாழ எழுதுவினைஞர் வேலைதான் என்று அறிந்ததும் அவர்கள் முகத்தில் ஒரு வாட்டம் தோன்றும். நடுக்கடலுக்குப் போயும் பேரேடு எழுதுவதா என்பார்கள். அந்தப் பேரேட்டிலே நாம் செய்த பிழை ஒன்றைச் சொல்லத்தான் இதனை எழுதுகின்றோம்.

ஆராய்ச்சிக் கப்பல் கடலிலே குறித்த ஓரிடத்தை அடைந்ததும் நின்றுவிடும். அவ்விடத்துக்கு 'நிலையம்' என்று பெயர். அதற்கு ஓர் இலக்கமும் உண்டு. இரும்புச் சட்டமொன்றில் வட்டமாகப் பூட்டிய பெரிய போத்தல்களை வாய் திறந்தபடி கம்பிவடத்திலே கட்டி ஆழத்துக்கு இறக்குவார்கள். சட்டத்தோடு செல்லும் கருவி, வெப்பநிலையையும் உவர்ப்பையும் வழிநெடுக அளந்துகொண்டு போகும். மேலே வரும்போது, மேல்தளத்திலிருந்து அனுப்பும் சைகைக்கு ஒவ்வொரு போத்தலும் ஒவ்வோர் ஆழத்தில் மூடிக்கொள்ளும். போத்தல் நீரின் உவர்ப்பைத் தனியே அளந்து, கருவி சொன்னது மெய்தானா என்று சரிபார்ப்பது வழக்கம்.

இதிலே எழுத்தின் பங்கு எவ்வளவு என்பதைக் கரையிலிருப்போர் எண்ணிப் பார்ப்பதில்லை. கப்பற் கடிகாரத்தில் விடியற்காலை 2 மணி என்றால், கிரினிச்சில் அது முதல்நாள் இரவாகக்கூட இருக்கலாம். எந்தக் கடிகாரம் என்று எழுதாவிட்டால் தேதியே மாறிவிடும். 6 பாகை 30 கலை என்பதை அவசரத்திலே 6.30 என்று எழுதினால், அதனைத் தசமமாக வாசிப்பவர் கப்பலைப் பன்னிரண்டு கடல் மைலுக்கு அப்பால் நிறுத்திவிடுவார். தரவு நிலையங்களிலே கணனி முதலிற் பார்ப்பவற்றுள் ஒன்று, குறித்த இடம் கடலா தரையா என்பதாம். பாலைவனத்தின் நடுவே நீரின் உவர்ப்பை அளந்த கப்பல்கள் ஏடுகளில் இல்லாமலில்லை!

எமது பிழை இவ்வளவு வேடிக்கையானதன்று. இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. இந்து சமுத்திரத்திலே ஒரு பயணம். எமக்கு நள்ளிரவு முறை. பன்னிரண்டு பெரிய போத்தல்கள் மேலே வந்திருந்தன. ஒவ்வொன்றின் குழாயிலிருந்தும் சிறு கண்ணாடிக் குப்பியொன்றை மும்முறை அலசி நிரப்பி, எந்தப் போத்தலின் நீர் எந்தக் குப்பியில் என்பதைத் தாளிலே பென்சிலாற் குறிப்பது எமது கடமை. முடித்துவிட்டுப் பார்த்தால் பன்னிரண்டு போத்தல்களுக்குப் பதின்மூன்று குப்பிகள் நிரம்பியிருந்தன. தூக்கக் கலக்கத்தில் எங்கோ ஒரு போத்தலிலே இருமுறை பிடித்துவிட்டோம். தாள் கடல்நீரில் நனைந்து, ஓரிடத்தில் இலக்கத்தின்மேல் இலக்கம் எழுதப்பட்டுக் கிடந்தது.

உள்ளதை உள்ளபடி எழுதி, "ஐயம்" என்று ஓரத்திலே குறித்திருந்தால் காரியம் முடிந்திருக்கும். நாமோ இளைஞர், கெட்டிக்காரன் என்று பெயரெடுக்க விரும்பியவர். ஐந்தாவது போத்தலாகத்தான் இருக்க வேண்டுமென்று எமக்கு நாமே தீர்மானித்து, இலக்கங்களைச் சீராக்கி, அழகான புதுத் தாளிலே எழுதினோம். மிகுந்த குப்பியின் நீரைக் கொட்டினோம். ஈரத் தாளைக் கசக்கிச் சமையலறைக் குப்பைப் பையிலே போட்டுவிட்டு, தேநீர் குடிக்கச் சென்றோம்.

மூன்றாம் நாள், குப்பிகளின் உவர்ப்பை அளந்தபோது அந்நிலையத்தின் எண்கள் கருவியோடு இணங்கவில்லை. எமது முறைக்குப் பொறுப்பான மூத்தவர் நம் நாட்டவர். அவர் புதுத் தாளை நெடுநேரம் பார்த்தார்.

"தம்பி, இது மிகவும் சுத்தமாக இருக்கிறதே. முதலில் எழுதிய தாள் எங்கே?"

உண்மையைச் சொன்னோம். குப்பை அதற்கிடையில் எரிக்கப்பட்டிருந்தது.

"எண்கள் பொருந்தும்வரை குப்பிகளை ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்க்கலாமே, ஐயா" என்றோம்.

"கருவியைச் சரிபார்க்கத்தானே இந்தத் தண்ணீர்? கருவிக்கு ஏற்றபடி தண்ணீரைத் திருத்திவிட்டு, பிறகு எதைக் கொண்டு கருவியைச் சரிபார்ப்பது?"

அதற்குமேல் அவர் ஏசவில்லை. அன்று மாலை மேல்தளத்திலே நின்று, சலெஞ்சர் என்னும் கப்பலைப் பற்றிச் சொன்னார். 1872 டிசம்பரில் இங்கிலாந்தினின்று புறப்பட்டு, 1876 மே மாதத்திலே திரும்பிய அக்கப்பல் 362 நிலையங்களில் நின்று கடலை அளந்தது. அறிக்கைகள் 1880 முதல் 1895 வரை 50 தொகுதிகளாக வெளிவந்தன. பயணத்தின் விஞ்ஞானத் தலைவரான வைவில் தொம்சன் 1882 இல் இறந்துபோக, யோன் மறே என்பவர் மிகுதியை நடத்தி முடித்தார். மூன்றரை ஆண்டுகள் கடலில்; அதனை எழுதி முடிக்கப் பத்தொன்பது ஆண்டுகள்!

அவர் எதற்காக அக்கதையைச் சொன்னார் என்பது எமக்கு 2012 ஆம் ஆண்டிலேதான் நன்கு விளங்கிற்று. அவ்வாண்டு மூன்று விஞ்ஞானிகள் சலெஞ்சரின் வெப்பநிலைகளை, இன்று சமுத்திரமெங்கும் மிதந்து அளக்கும் ஆர்கோ மிதவைகளின் அளவுகளோடு ஒப்பிட்டு, கடலின் மேற்பரப்பு ஏறத்தாழ 0.6 பாகை சூடேறியிருப்பதைக் காட்டினார்கள். பழைய வெப்பமானிகள் ஆழத்தின் அமுக்கத்தாற் சற்றுக் கூடுதலாகக் காட்டுவன. ஆயினும், எந்த வகை வெப்பமானி, எந்தக் கயிறு, எத்தனை பாகம் ஆழம் என்பனவெல்லாம் ஏட்டிலே இருந்தன. எடின்பரோவைச் சேர்ந்த தெய்ற் என்னும் பேராசிரியர் அந்த அமுக்கப் பிழையை ஆராய்ந்து 1881 இலேயே எழுதியும் வைத்திருந்தார். குறையை மறைக்காமல் எழுதியிருந்தபடியால், நூற்றுமுப்பது ஆண்டுகளுக்குப் பின்னரும் அக்குறையைக் கழித்துப் பார்க்க முடிந்தது.

எமது நிலையத்துக்கு அந்தப் பாக்கியம் கிட்டவில்லை. கப்பல் அதற்குள் இரண்டு நாள் தூரம் வந்துவிட்டது. பன்னிரண்டு குப்பிகளுக்காக அதனைத் திருப்புவார் யார்? திருப்பினாலும் அன்றிரவு அங்கிருந்த நீர் அங்கே காத்திருக்குமா? தரவுகளிலே ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் ஒரு குறி இடுவது வழக்கம். நல்லதற்கு 2, ஐயத்துக்குரியதற்கு 3, கெட்டதற்கு 4. மூத்தவர் பென்சிலை எம்மிடமே தந்தார். பன்னிரண்டு முறை 3 என்று நாமே எழுதினோம்.

சென்ற ஆண்டு, பேரன் கணனியிலே அப்பயணத்தின் பதிவைத் தேடி எடுத்துத் தந்தான். நிலையம் இருக்கிறது, நேரம் இருக்கிறது, ஆழமும் இருக்கிறது. "இதென்ன தாத்தா, இந்த வரிசையில் மட்டும் எல்லாம் மூன்று?" என்று கேட்டான்.